கம்பிகளுக்கு நடுவே

"படம் கொஞ்சம்கூட ஆடலையே. அப்ப உங்க கை நடுங்கவே இல்லையா?"

கண்காட்சிக் கூடத்தின் கடைசிச் சுவரில், ஆளுயரத்துக்குத் தொங்கிய வெள்ளப் படத்தின் முன்னால் நின்று அவள் கேட்டாள். படத்தில் இருந்த சிறுவனின் தாய் அவள். பக்கத்தில், அவள் கையைப் பிடித்தபடி மகள். ஏழு வயது இருக்கும்.

புகைப்படக்காரர் தயங்கினார். "கை நடுங்கினாலும் லென்ஸே சரிபண்ணிக்கும்மா. உள்ளே ஒரு கண்ணாடி மிதந்துக்கிட்டே இருக்கும். நாம இந்தப் பக்கம் ஆடினா அது அந்தப் பக்கம் நகர்ந்து ஈடுகட்டிடும்."

"கண்ணாடிக்கு இருந்த பதற்றம்கூட மனுஷனுக்கு இல்லை."

அவர் தலை குனிந்தது.

படத்தில், பாலத்தின் கீழே கலங்கிய வெள்ளம். அதில் பாதி முழுகிய கம்பம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான் அவளுடைய மகன். முதுகு மட்டுமே தெரியும் ஒருவர் மார்பளவு நீரில் நின்று, அவனை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணைக் கடைசிவரை கடக்க முடியவில்லை.

படத்தின் கீழே புகைப்படக்காரரின் பெயர். அவருடைய கேமராவில் பதிவாகும் எந்தப் படத்திலும் அது தானாகவே ஏறிவிடும்.

கூடத்து வழிகாட்டிப் பெண் நிலைமை தெரியாமல் அருகே வந்தாள். "கம்பிகளைக் கவனிச்சீங்களா? படச்சட்டத்துக்குள்ள இன்னொரு சட்டம் மாதிரி. இந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் அத்தனை பேர் வெள்ள நிவாரணத்துக்கு உதவ வந்தாங்க."

அவள் சொன்னது உண்மைதான். பாலத்தில் நிமிர்ந்து நின்று எடுத்திருந்தால் கைப்பிடிக்கு மேலே காட்சி தடையில்லாமல் கிடைத்திருக்கும். ஆனால் இந்தப் படம் கைப்பிடிக்குக் கீழே, இரண்டு கம்பிகளின் இடைவெளி வழியாகப் பார்த்தது. ஓரங்களில் கம்பிகள் மங்கலாகத் தெரிவதால், பார்ப்பவர் கண் வேறெங்கும் போகாமல் நேரே சிறுவனிடம் போய் நின்றுவிடும்.

"வந்தவங்க எல்லாரும் நல்லவங்கதான்," என்றாள் தாய். "இவரைத்தான் சொல்றேன். கம்பிக்குப் பின்னால பத்திரமா உட்கார்ந்துக்கிட்டு, சட்டம் பார்த்து எடுத்திருக்கார்."

வழிகாட்டி சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டாள்.

தாயின் குரல் இறங்கியது. "சண்டை போட வரலைங்க. முதுகு காட்டிட்டு நிக்கிறாரே, அந்தப் புண்ணியவான் யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவரைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கடைசியா எம்புள்ள என்ன சொன்னான்னு."

புகைப்படக்காரர் வாயைத் திறந்தார். அவர் பார்வை சிறுமியிடம் போய்த் திரும்பியது.

"தெரியாதும்மா. மன்னிச்சிடுங்க."

"யாருன்னு கேக்கக்கூடவா தோணலை? இவளும் அன்னைக்குப் பாலத்து மேலதான் நின்னிருக்கா. கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா. நான் யார்கிட்டதான் போய்க் கேப்பேன்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் கையை இழுத்தாள். சிறுமி நகரவில்லை. படத்தில் இருந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது இந்த மாமாதாம்மா."

"வேண்டாம் பாப்பா," என்றார் புகைப்படக்காரர்.

"கேமராவை என் கழுத்துல மாட்டிட்டுக் குதிச்சார்."

தாய் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்ப... இந்தப் படம்?"

"தம்பி மேல வந்ததும் காட்டலாம்னு நான்தாம்மா எடுத்தேன்."