பன்னிரண்டாவது தட்டு

அவருடைய விரல்கள் நின்றுவிட்டன.

தள்ளுபடிப் பெட்டிக்குள் நெருக்கியடித்து நின்ற பழைய ராக் இசைத்தட்டுகளுக்கு நடுவே, ஓரம் நைந்த சிவப்பு அட்டை. கிதாரும் நீளமுடியுமாக நான்கு பேர். நடுவில், மைக்கைப் பிடித்தபடி ஒரு பெண்.

அவருடைய தங்கை.

அட்டையில் பெயர் அச்சாகியிருந்தது. ஹெப்சிபா தேவசகாயம்.

அவள் பெயரோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். அப்பாவின் பெயரையும் அல்லவா சேர்த்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டையில் முப்பது வருடம் கோயில் பாடகர் குழுவை நடத்தியவர் அப்பா. இந்தத் தட்டு வெளிவந்த வாரம், குடும்ப வேதாகமத்தின் முதல் தாளில் எழுதியிருந்த மகளின் பெயரைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். வீட்டு மானத்தை மூத்தவன் கையில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மூத்தவர் காத்தார். தங்கை இறந்த செய்தி வந்தபோதும் போகவில்லை.

இந்தத் தட்டின் பிரதி எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, முழங்காலில் வைத்து ஒடித்தார். இதுவரை பதினொன்று. ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

“கண்டுபிடிச்சிட்டீங்களா சார்?” கடைக்காரர் நவ்ஷாத் வந்து நின்றார். “நீங்களே தேடி எடுத்தாத்தான் உங்களுக்கு ருசின்னு பெட்டியிலேயே விட்டு வெச்சேன். இத்தனையும் வாங்கி வீட்ல என்ன, தோசையா சுடுறீங்க?”

அவர் சிரிக்கவில்லை.

“உங்களாலதான் இதுக்கு இவ்ளோ மவுசு. யாரோ ஒரு பெரியவர் விடாம வாங்குறாருன்னு பேச்சு பரவி, மும்பைல ஒரு கம்பெனி திரும்பவும் போடப் போறாங்க. ஆயிரம் தட்டு.”

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்த முடியாதா?”

“எதுக்கு சார் நிறுத்தணும்?” நவ்ஷாத் விழித்தார். “அந்தம்மா குடும்பத்துல யாராவது வந்து கூடாதுன்னு சொன்னா நிறுத்துவாங்க. தேடிப் பாத்துட்டாங்களாம். யாருமே இல்லியாம்.”

யாருமே இல்லை.

ஆயிரம் வீடுகளில் அப்பாவின் பெயர்.

ஒரே வழிதான் இருந்தது. ஐம்பது வருடமாக வாயில் வராத சொல்லை முதலில் சொல்ல வேண்டும். பிறகு, கூடாது என்று சொல்ல வேண்டும்.

“நான் அவளோட அண்ணன்.”

நவ்ஷாத்தின் முகம் மாறியது. அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“உக்காருங்க சார். இத்தனை நாள் நிக்க வெச்சிட்டேனே!”

அவர் உட்காரவில்லை. அடுத்த சொல் தொண்டையில் தயாராக இருந்தது.

அதற்குள் நவ்ஷாத் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்துவிட்டார்.

கரகரப்பு. கிதார். பிறகு அவள்.

கடையில் இருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள்.

எங்கேயாவது தடுமாறுவாள் என்று காத்திருந்தார். உச்சத்துக்குப் போனாள். அங்கேயே நின்றாள். ஒரு இழை பிசகவில்லை.

“எங்க சார் கத்துக்கிட்டாங்க, இப்படிப் பாட?”

முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“எங்க வீட்ல.”