மாப்புக் கேட்காத வீடு

மக்காவுக்கு உம்ராப் பயணம் போக இன்னும் ஐந்தே நாள். சலாம் சொல்ல வந்த சொந்தக்காரர் வீடு நிறைய இருக்கும்போதுதான், பொலிஸ்காரர் ஒருத்தர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

பதியுதீன் முதலாளி கையெழுத்துப் போட்டுக் கடதாசியை வாங்கி, சாரனைச் சரி பண்ணுகிற மாதிரி மடியில் செருகினார். என்ன பிரயோசனம்? எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மச்சான்காரர் வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு முகம் சுண்டிப் போனது.

மூன்று மாதத்துக்கு முந்திய சங்கதி அது. ஆலங்குடாத் திருப்பத்தில் முதலாளியின் காரும், மீன் விற்கிற தோமஸின் சைக்கிளும் முட்டிக்கொண்டன. மீனெல்லாம் றோட்டில். காருக்கு பம்பர் நெளிந்தது, தோமஸுக்கு முழங்கால் அடிபட்டது.

"பெரிசா ஒண்டுமில்ல, நீங்க போங்க முதலாளி" என்று சொன்னதே தோமஸ்தான். முதலாளியும் இன்சூரன்ஸுக்காகப் பொலிஸில் ஒரு என்ட்ரி போட்டு, பம்பரை மாற்றி, அதோடு அதை மறந்துவிட்டார்.

இப்போது, ஆறின கஞ்சியாய்க் கிடந்த விசயத்துக்குத் தண்டமாம். கவனமில்லாமல் கார் ஓட்டினாராம். பிழை தன்னுடையது இல்லையென்றால் நாளைக்கே பொலிசுக்கு வந்து சொல்லவேண்டும். இல்லாவிட்டால் கோடு, வழக்கு என்று அலையவேண்டும்.

"போங்க போங்கன்டு அனுப்பிட்டு, நான் மக்காவுக்குப் போற நேரம் பாத்து வேலையக் காட்டிட்டான்" என்றார் முதலாளி, எல்லாருக்கும் கேட்க. வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். இந்தக் காலத்தில் யாரைத்தான் நம்புவது என்றார்கள்.

அவர்கள் போனபிறகு மனைவி பளீலா மெல்லக் கேட்டாள்.

"பயணம் போக முந்தி, செஞ்ச பிழையெல்லாம் பொறுக்கச் சொல்லி வீடு வீடாப் போய் எல்லார்ட்டயும் மாப்புக் கேட்டீங்க. அந்த மீன்கார மனுசன்ட வீட்டுக்குப் போனீங்களா?"

"நானா? அவன்தான் எனக்கிட்ட வந்து மாப்புக் கேக்கணும்."

மறுநாள் பொலிஸ் நிலையத்து வாங்கில் தோமஸ் முந்தியே வந்து உட்கார்ந்திருந்தான். இடது காலை நீட்டித்தான் வைத்திருந்தான், மடக்க ஏலாது போல. முதலாளியைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். முதலாளி சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

சார்ஜன் பாதி சிங்களமும் பாதி தமிழுமாய்க் கேட்டார். முதலாளி இரவெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்ததை ஒப்புவித்தார். தான் தன் பக்கத்தில்தான் வந்ததாகவும், சைக்கிள்தான் குறுக்கே பாய்ந்ததாகவும். அன்றைக்குக் காதில் போன் இருந்ததும், கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டினதும் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் அவர். மற்றவன் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறான்.

சார்ஜன் தோமஸின் பக்கம் திரும்பினார்.

"ஓம் சேர். நான்தான் பாக்காமக் குறுக்கால விட்டன். அவர்ல பிழையில்ல."

சார்ஜன் அவனுடைய காலைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதி, தண்டம் இல்லை, போகலாம் என்றார்.

கேற்றடியில் முதலாளி அவனை மறித்தார். நன்றி சொல்லத்தான் நினைத்தார். வாயில் வந்தது வேறு.

"இதை முந்தியே சொல்லியிருக்கலாம்தானே? என்னத்துக்கு முறைப்பாடு குடுத்த?"

"நான் எங்க குடுத்தன்? நீங்க இன்சூரன்ஸுக்குப் போட்ட என்ட்ரிய வச்சுத்தான் பொலிஸ் விசாரிக்க வந்தது. நான் குறுக்கால வந்ததாச் சொல்லி நீங்க கையெழுத்து வச்சிருந்தீங்க. சார்ஜன் வாசிச்சுக் காட்டினவர். நான் ஒண்டும் சொல்லல்ல, என்ட காலப் பாத்துட்டு அவங்களாத்தான் உங்களுக்குத் தண்டம் எழுதினாங்க."

முதலாளி குரலைத் தணித்தார்.

"அப்ப... நீ உள்ளதச் சொல்லியிருக்கலாமே, தோமஸ்."

"சொல்லலாம்தான். நீங்க மக்காவுக்குப் போறதாச் சந்தையில கதைச்சாங்க. அப்பிடியாப்பட்ட இடத்துக்குப் போற மனுசனைப் பொய்க்காரனாக்கி அனுப்ப மனசு வரல்ல."

அவன் நொண்டிக்கொண்டு நாலு அடி போனான். பிறகு என்னவோ ஞாபகம் வந்தவன்போலத் திரும்பினான்.

"அங்க போய் மாப்புக் கேக்கக்குள்ள, நான் இப்ப சொன்ன பொய்யையும் உங்கடதோட சேத்துக்கொள்ளுங்க முதலாளி."