அமுக்காமல் அடித்த மணி

மணி அடித்தது. வினோதா கையிலிருந்த மாவை உதறக்கூட நேரமில்லாமல் கொல்லையிலிருந்து படுக்கையறைக்கு ஓடினாள்.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"

கட்டிலில் சாய்ந்திருந்த முத்துவேல் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான். "நான் அமுக்கவே இல்லியே!"

நேற்றிலிருந்து இதே பாட்டுதான்.

இதய ஆபரேஷன் முடிந்து வீடு வந்திருப்பவன் அவன். மாவு விற்றுத்தான் குடும்பம் ஓடுகிறது. கொல்லையில் கிரைண்டர் ஓடினால் அவன் உள்ளேயிருந்து கத்தினாலும் கேட்காது, கத்தவும் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் வினோதா இந்த மணியைச் செய்தாள். அவன் கையருகே ஒரு வெள்ளை சுவிட்ச், கிரைண்டருக்கு மேலே சுவரில் ஒரு மணி, இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு. நடுவில் வயரே கிடையாது, எல்லாம் ரேடியோவில் போய்ச் சேரும்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, கல்யாணத்தோடு அதை மூட்டை கட்டிப் பரணில் போட்டவள் அவள். மூட்டையை அவிழ்க்க வைத்தது போனில் கிடைத்த ஓர் ஆப். போர்டுக்கு எழுதும் ஒவ்வொரு கட்டளைக்கும் அதில் தமிழில் விளக்கம் இருக்கும், நெட் இல்லாவிட்டாலும் திறக்கும். பாண்டிச்சேரியில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருப்பார்கள்.

அந்த ஆப்பில் அழைப்பு மணிக்கென்றே ஒரு மாதிரி இருந்தது. சுவிட்சும் மணியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் எண் உட்பட, அப்படியே ஈயடிச்சான் காப்பி அடித்துவிட்டாள். ஒரு வாரம் சொன்ன பேச்சைக் கேட்டது. நேற்று சாயந்திரத்திலிருந்துதான் தானாக அடிக்க ஆரம்பித்தது.

"தூக்கத்துல கை பட்டிருக்குமா?"

"முழிச்சிக்கிட்டுதான் இருக்கேன். ஆபரேஷன் நெஞ்சுலதான் பண்ணாங்க, மூளையில இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அமுக்கிவிட்டு, அவள் பதறி வருவதைப் பார்த்ததும் வலியை மறைக்கிறானோ? போன தடவையும் வாயுப்பிடிப்பு என்று சொல்லிச் சொல்லித்தானே கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று?

அவள் அங்கேயே நிற்கும்போது மணி மறுபடியும் அடித்தது. முத்துவேலின் இரண்டு கையும் பேப்பரில் இருந்தன. கண்ணால் பார்த்தாள்.

சுவிட்சை எடுத்துப் பின்பக்கத்தைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கினாள். "இப்ப அடிக்கட்டும், பாக்கலாம்."

அடித்தது. விட்டு விட்டு, விடாமல் அடித்தது.

முத்துவேலின் முகம் வெளுத்துவிட்டது. "ஏய், என்னா இது? பேய் கீய் எதாவது..."

"பேய்க்கு வேற வேல இல்லியா? நீங்க பதறாதீங்க, ஆகாது."

சொன்னாளே தவிர, பயம் அவளுக்கும்தான். பேயை நினைத்தல்ல. இது புலி வருது கதையாகிவிடுமே என்றுதான் பயம். நாள் பூராவும் பொய்யாக அடிக்கும் மணி ஒருநாள் நிஜமாக அடித்தால், எழுந்து ஓட யாருக்குத் தோன்றும்? புருஷன் உயிர் அதில் அல்லவா தொங்குகிறது!

கோளாறு மணியில்தான் என்று முடிவு கட்டினாள். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கொல்லையிலேயே உட்கார்ந்து ஆப்பைத் திறந்தாள். எந்த வயரும் இணைக்காமல் விட்ட முனைகூடச் சில நேரம் தானாக சிக்னல் காட்டும் என்று போட்டிருந்தது. முனை முனையாக விரல் வைத்துச் சரி பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

தலைக்கு மேலே மணி அலறிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை நீளமாக இழுத்தது.

"அடிச்சிட்டுப் போ, சனியனே!" நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிறகு இடைவெளி கூடியது. கடைசியாகப் பட்டும் படாமலும் ஒரு தடவை அடித்துவிட்டு அடங்கியது. அப்பாடா என்றிருந்தது வினோதாவுக்கு. சத்தம் நின்றால் சங்கடமும் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வதுதானே மனுஷ சுபாவம். சுவிட்சில் பேட்டரியைத் திரும்பப் போட்டு முத்துவேலிடம் கொடுத்துவிட்டு, மறுபடி கிரைண்டரைப் போட்டாள்.

அரிசி அரைந்து முடிந்து கிரைண்டரை நிறுத்தியபோதுதான் பின்பக்கச் சந்தில் கூச்சல் கேட்டது. கொல்லைக் கதவைத் திறந்தாள். சுவரை ஒட்டிய பின்வீட்டிலிருந்து பெரியவர் கன்னியப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். சந்து முனையில் ஆம்புலன்ஸ் நின்றது.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாராம்டி," என்றாள் பக்கத்து வீட்டுப் பார்வதி. "எந்நேரமா கெடந்தாரோ, பாவம். பேச்சே வரல."

கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்த மகன் விஜய் சின்னப் பிள்ளை போல அழுதுகொண்டிருந்தான்.

"உப்பளம் வரைக்கும் போயிட்டு வர்றதுக்குள்ள இப்படி ஆயிடுச்சுக்கா. நேத்துதான் அந்தத் தமிழ் ஆப்ல இருக்கறாப்பலயே இவருக்கு ஒரு பெல்லு செஞ்சி, சுவிட்ச கழுத்துல மாட்டிவுட்டேன். நான் வரும்போதுகூட அதுமேல வெரல வெச்சிக்கிட்டேதான் கெடந்தாரு. வூட்ல ஒருத்தருமே இல்ல... யாரக் கூப்பிட்டாரோ!"

பெரியவரின் மார்பில் கயிற்றில் தொங்கிய வெள்ளை சுவிட்சின் மேல் அவர் கட்டைவிரல் மெல்ல அழுந்தியது.

வினோதாவின் முதுகுக்குப் பின்னால், கிரைண்டருக்கு மேலே, மணி அடித்தது. தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். அவள் மாவுக் கையோடு கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைத்தான் கூப்பிட்டிருக்காரு, விஜய்."