பார்க்காதவர்கள் பெஞ்ச்

“நாற்பத்தோரு வீடியோம்மா. உங்க பொண்ணு முழுசாப் பாத்தது எத்தனைன்னு நீங்களே படிங்க.”

பள்ளி முதல்வர் லேப்டாப்பைத் தாயின் பக்கம் திருப்பினார். பத்தாம் வகுப்புப் பெயர்கள் எல்லாம் பச்சையில் இருந்தன. மகளின் பெயருக்கு நேரே மட்டும் சிவப்பில் ஒரு பூஜ்ஜியம்.

தாய் மகளைப் பார்த்தாள். மகள் மேசையின் காலைப் பார்த்தாள்.

முதல்வர் இந்தப் பள்ளிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவர் வருவதற்கு முன்பே இங்கே நடந்துகொண்டிருந்த திட்டத்துக்கு, வந்த மறுநாளே தகப்பனாகிவிட்டார். தலைகீழ் வகுப்பறை. பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்க்க வேண்டும். வீட்டுப்பாடத்தைப் பள்ளிக்கு வந்து செய்ய வேண்டும். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று அவர் ஆரம்பித்தால் இருபது நிமிடம் ஆகும். இன்றும் ஆனது. நடுவில் இரண்டு வெளிநாடுகளும் ஒரு மாநாடும் வந்துபோயின.

பார்க்காமல் வருகிறவர்கள் வகுப்பைக் கெடுப்பார்கள் என்று வராந்தாவில் தனியாக ஒரு பெஞ்ச் போட்டு, ‘பார்க்காதவர்கள்’ என்று அட்டையும் மாட்டியிருந்தார். ஒரு மாதமாக அதில் மகள் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறாள். போன வருடம் கணக்கில் வகுப்பிலேயே முதல். போன வாரத் தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று.

வீட்டில் நெட் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. போன்? தன்னுடையதை மகளிடம் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவதாகத் தாய் சொன்னாள். என்ன வேலை?

“துணிக்கடையில பில் போடறேன் சார்.”

நோய் பிடிபட்ட டாக்டரின் தெளிவு முதல்வரின் முகத்தில் வந்தது.

“அதான். உங்களைக் குத்தம் சொல்லல. பாடம் நடத்தறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரிய நியாயமில்ல. இந்தக் கணக்கு வீடியோ எல்லாம் எப்பேர்ப்பட்ட டீச்சர் பண்ணதுன்னு தெரியுமா? நாற்பத்தோரு வீடியோவையும் நான் ரெண்டு தடவை பாத்துட்டேன். கண்ணை மூடினா அந்தம்மா முகம்தான் வந்து நிக்குது.”

“சரிங்க சார்.”

அந்த டீச்சர் இப்போது இங்கே இல்லை என்றும், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை என்றும், முன்பு நாலு பேர் கத்திக் கத்திச் செய்த வேலையை இப்போது அந்த வீடியோக்கள் சத்தமில்லாமல் செய்கின்றன என்றும் அவர் விளக்கினார். வீடியோ லீவு போடாது. சம்பளம் ஏறவில்லை என்று வந்து நிற்காது. சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

பிறகு மகளிடம் திரும்பி, ஏன் பார்க்கவில்லை என்று ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னார். அவள் மேசையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திமிரு,” என்றார் முதல்வர். “திங்கட்கிழமைக்குள்ள இந்தச் சிவப்பு பச்சையாகணும். இல்லேன்னா டி.சி. வாங்கிக்கங்க.”

தாய் எழுந்து நின்றுவிட்டாள். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. ஒரு வருடம் போகும். படிப்பே போனாலும் போகும். பரீட்சை வரைக்குமாவது பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள்.

கடைசியில் அவர் இறங்கி வந்தார். ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளிவிட்டு, எழுதிக் கொடுக்கச் சொன்னார்: தினமும் மாலை மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து, வீடியோவை முழுவதும் தானும் பார்ப்பதாக.

“உங்களுக்கும் நாலு விஷயம் தெரிஞ்சுக்கலாம் பாருங்க.”

தாய் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள். நன்றி சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் யாருமில்லை. தாய் அட்டை மாட்டிய அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

“படிப்பே போயிடும்னு தெரிஞ்சும் வாயைத் தெறக்க மாட்டேங்கற. ஒரு வீடியோகூடவா உன்னால பாக்க முடியல?”

மகள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணு போட்டேம்மா. பாதியில நிறுத்திட்டேன்,” என்றாள். “அதுல நீ எப்படிச் சிரிச்சுச் சிரிச்சு நடத்தறே. உன்னை இந்த ஸ்கூலை விட்டு அனுப்பின நாள்லேருந்து, வீட்ல அந்த முகத்தை நான் ஒரு தடவைகூடப் பாக்கலம்மா.”