பந்தல்கால் குழி

இந்தக் காலத்துக் கால்பந்து ஆட்டக்காரர்கள் மேல் காற்றுப் பட்டால் போதும், விழுந்து உருளுவார்கள். நடுவர் வருகிறாரா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே உருளுவார்கள்.

துனிசியாக்காரன் லஸாத் விழுந்தபோதும் மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் நம்பவில்லை.

“எழுந்துரு கண்ணு, நடிச்சது போதும்!” என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்புறம்தான் அவன் விழுந்த இடத்தைப் பார்த்தார்.

பெனால்டி கட்டத்தின் வலது மூலை.

போன வாரம் மைதானத்தில் கட்சிக் கூட்டம். பந்தல் பிரித்த மறுநாள் லஸாத் வந்து, தான் எப்போதும் நின்று கோல் போடும் அந்த மூலையில் இருந்த குழியைக் காட்டினான். பாஷை கிடையாது. இரண்டு கையையும் சேர்த்துக் குத்திக் காட்டினான். நன்றாக இடி என்று அர்த்தம்.

நாற்பது வருஷமாகப் புல் வளர்க்கிறவனுக்கு நேற்று வந்தவன் வேலை சொல்கிறான்.

செம்மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, இறங்கவிட்டு, மறுபடியும் போட்டு இடிக்க வேண்டும். மற்ற பதினொரு குழிகளையும் அப்படித்தான் மூடினார்.

அந்த ஒன்றில் மட்டும் காய்ந்த மணலைக் கொட்டினார். மேலே வெட்டிய புல்லைத் தூவிவிட்டார்.

பார்க்கிறவனுக்குப் பச்சை.

விழுந்து இருபது நாள் கழித்து லஸாத் ஊன்றுகோலோடு வந்தான். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, வெளியே கார் நின்றது. கூட கோல்கீப்பர் ஜெரோம்.

துனிஸில் பதினெட்டு வயதில் தொடங்கி, மால்டா, ஓமன் என்று ஐந்து நாட்டில் கோல் போட்ட கால். இனி ஆட முடியாதாம்.

அவன் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னான்.

“முட்டி முன்னாடியே கிழிஞ்சதுதானாம் பெர்சு,” என்றான் ஜெரோம். “நாலு வருசமா ஊசி போட்டுத்தான் ஆடிக்கினு இருந்தானாம். எந்த கிரவுண்டா இருந்தாலும் போயிருக்கும்னு டாக்டரே சொல்லிட்டாராம். நீ மனசுல வச்சிக்காதேன்றான்.”

அவர் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. குழியைப் பற்றி ஒருவரும் கேட்கவுமில்லை.

அப்புறம் எதற்கு இவ்வளவு தூரம் வந்து சொல்கிறான்?

கையை விடுவித்துக்கொண்டார்.

“அவன்கிட்ட சொல்லுபா…”

“இன்னா சொல்லணும்?”

லஸாத் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பார்த்துப் போகச் சொல்லு.”

ஜெரோம் சொன்னான். லஸாத் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு குடம் தண்ணீரும் இடிகட்டையும் எடுத்துக்கொண்டு வலது மூலைக்கு நடந்தார்.

அன்றிலிருந்து மூன்று முறை தோண்டி, மூடி, இடித்தாகிவிட்டது. மண் கல்லாகக் கிடக்கிறது.

ஆனாலும் போய் ஒருமுறை மிதித்துப் பார்க்க வேண்டும்.