ஓர் அங்குலம்

கராத்தே கோதண்டம் வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை. நடித்த அத்தனை சண்டைப் படங்களிலும் அவர் கை எதிராளியின் முகத்துக்கு ஓர் அங்குலம் முன்பே நின்றுவிடும். மிச்சத்தை விழுகிறவர் பார்த்துக்கொள்வார். பெரும்பாலும் அது ஸ்டன்ட் நடிகர் பிலோமின். இப்போது கோதண்டம் முதன்முறையாக இயக்குகிறார், நாயகனும் அவரே. சண்டையே இல்லாத படம். துரோகம் செய்த தம்பியை அண்ணன் ஒரே ஓர் அறை விடுகிறான், அவ்வளவுதான். அது நிஜமாக விழாவிட்டால், இவருக்கு நடிப்பு வராது என்று இத்தனை காலம் ஊர் சொன்னது உண்மையாகிவிடும். தம்பியாக பிலோமினையே போட்டிருந்தார்.

அவரே “ஆக்‌ஷன்” சொன்னார். கை அங்குலத்தில் நின்றது. பிலோமின் பறந்துபோய் பீரோவில் மோதி விழுந்தார்.

“ஏன்டா விழுந்த? நான் அடிக்கவே இல்லையே!”

“நீங்க என்னிக்குண்ணே அடிச்சிருக்கீங்க?”

யூனிட்டே சிரித்தது. அடுத்த டேக்கில் பீரோவின் கதவு கழன்றது. “டூப் போட்டுக்கலாமா சார்?” என்றார் கேமராமேன், மிகுந்த மரியாதையுடன்.

கோதண்டத்துக்குக் காது சூடேறியது. “என் கண்ணையே பாரு. விழாதே.”

“நீங்களும் நிறுத்தாதீங்கண்ணே.”

கை கிளம்பியது. அங்குலத்தையும் தாண்டியது. ஆனால் வேகமெல்லாம் வழியிலேயே தீர்ந்துபோய், உள்ளங்கை பிலோமினின் கன்னத்தில் மெதுவாகப் போய் உட்கார்ந்தது. எப்போதோ விழுந்து உடைந்து, கோணலாகச் சேர்ந்திருந்த தாடை எலும்பு கையில் தட்டுப்பட்டது. பிலோமின் விழவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. “கட்” சொல்ல வேண்டியவரும் கோதண்டம்தான்.