மூக்கனுக்குப் பிறகு

"கொஞ்சம் மெதுவா பேசுங்கக்கா, எல்லாம் பயப்படுது" என்றாள் பிராணிகள் காப்பகத்துப் பெண்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

நான் பேசியதே மெதுவாகத்தான். பத்தொன்பது வருடமாகத் தகடு வெட்டும் பட்டறையில் சூப்பர்வைசர் நான். மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்தினால்தான் உள்ளே விட்ட கையை ஆள் வெளியே எடுப்பான். இந்தத் தொண்டையால் எத்தனை பேருடைய விரல்கள் தப்பியிருக்கின்றன என்று இவளுக்குத் தெரியுமா? செருப்பைப் போல அதையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா?

கூண்டுகளில் இருந்த முயல்களெல்லாம் மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. ஒன்று பின்னங்காலால் தரையைப் படபடவென்று அடித்தது. கடைசிக் கூண்டில் இருந்த சாம்பல் நிற முயல் மட்டும் என்னைச் சட்டையே செய்யாமல் புல்லை மென்றுகொண்டிருந்தது.

அதைத்தான் என் கணவர் வேண்டும் என்கிறார். அதற்குத்தான் காது கேட்காது.

பத்து முயல் இருக்கிறது இங்கே. நல்ல காது, நல்ல கண், துறுதுறுவென்று ஓடுகிறவை. அதையெல்லாம் விட்டுவிட்டு, இரண்டு வீட்டில் வைத்துப் பார்த்து முடியாமல் திருப்பிக் கொண்டுவந்து விட்ட செவிட்டு முயல்தான் வேண்டுமாம். போன ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியாமல் வந்து, பார்த்து, படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் தருவார்களாம். அதனால்தான் இன்று எனக்கு அழைப்பு. இல்லாவிட்டால் கூடையோடு கொண்டுவந்து இறக்கியிருப்பார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் திருகு முடுக்குகிற மனிதர். நாள் முழுக்க வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலை. வீட்டிலும் அதே கதைதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஒரு நாளும் என்னிடம் நின்றதில்லை. காய்கறியிலிருந்து சுவருக்கு அடிக்கிற பெயின்ட் வரை நான் சொன்னதுதான். இன்று இந்தக் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றவர் நகரவே இல்லை.

காப்பகத்துப் பெண் அடுக்கிக்கொண்டே போனாள். பின்னாலிருந்து தூக்கக் கூடாது. பக்கத்தில் போகுமுன் தரையை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், அதிர்வு அதற்குத் தெரியும். தூங்கும்போது தொடவே கூடாது. என் மாமியாருக்குக்கூட இத்தனை சட்டம் கிடையாது. இவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் எதையாவது சொன்னால் மட்டும் செவிடன் காதில் ஊதிய சங்கு.

என் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நான்கு மாதத்துக்கு முன்புவரை எங்கள் வீட்டில் மூக்கன் என்று ஒரு முயல் இருந்தான். பட்டறையிலிருந்து வந்து நான் காலை நீட்டினால் என் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்வான். ஒரு சாயங்காலம் திடீரென்று சாய்ந்துவிட்டான். இவர்தான் துண்டில் சுற்றி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். வெறும் துண்டோடு திரும்பி வந்து, வயிற்றுக் கோளாறாம் என்றார்.

வயிறு கெட்ட முயலை என் தலையில் கட்டிவிட்டானே என்று மறுநாளே விற்றவனிடம் போனேன். நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கடைக்காரன் வாயைத் திறக்கவில்லை. திறக்க நான் விட்டால்தானே. இன்றைக்கும் அந்தக் கடையைத் தாண்டும்போது எனக்கு வயிறு எரியும்.

இன்னொன்றைப் பறிகொடுக்க என்னால் ஆகாது. அதனால்தான் நோய்நொடி இல்லாத ஒன்றாகப் பாருங்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறேன். குறையுள்ளதைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய், அதுவும் நான்கு மாதத்தில் போய்ச் சேர்ந்தால் யார் பொறுப்பு?

"ஏங்க, கேக்கறேன்ல? உங்களுக்கு வேற முயலே கிடைக்கலையா?"

எல்லாக் கூண்டிலும் புல் சிதறியது. சாம்பல் முயல் அடுத்த புல்லை இழுத்து மென்றது.

அவர் படிவத்தை என் முன்னால் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒரு கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இங்க போட்டா போதும்."

அதில்தான் எனக்கு உச்சந்தலை கொதித்தது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆளா நான்? அவர் விரலைத் தள்ளிவிட்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். தடுக்கப் போவதுபோல அவர் கை சற்று முன்னால் வந்தது. பிறகு கூண்டுப் பக்கம் போய்விட்டார்.

பெயர், முகவரி, வீட்டில் எத்தனை பேர். எல்லாம் எறும்பு ஊர்ந்ததுபோல அவருடைய எழுத்து. இரண்டாம் பக்கத்தில், முன்பு வளர்த்த பிராணி என்ற இடத்தில் முயல், ஒன்று என்று இருந்தது. அதற்குக் கீழே, இறந்ததற்கு டாக்டர் சொன்ன காரணம்.

'பெரிய சத்தம். பயத்தில் இதயம் நின்றுவிட்டது.'

எப்படிப்பட்ட முயல் வேண்டும் என்பதற்கு, காது கேட்காதது இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் குந்தி உட்கார்ந்து தரையை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். முயல் திரும்பி அவரைப் பார்த்தது.

இத்தனை நாள் என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? பொய் சொல்கிறீர்கள் என்று கத்தியிருப்பேன்.

கையெழுத்துப் போட்டேன்.

மூக்கன் சாய்ந்த அன்று சாயங்காலம் நான் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன் என் காலடியில்தான் இருந்தான். கொடியில் கிடந்த துணியை எடுக்காமல் மழையில் நனையவிட்டாரே என்று இவரைப் பார்த்துத்தான் கத்தினேன்.

துணி மறுநாளே காய்ந்துவிட்டது.